ஐம்பதில் வளையாதா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

ஊர்தோறும் உலவும் பழமொழி இது. திண்ணையிலே கேட்கலாம்; தேநீர்க் கடையிலே கேட்கலாம்; படித்தவர் கூடும் மன்றத்திலும் கேட்கலாம். பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கிவிட்ட தாயொருத்தி, நாற்பதைக் கடந்த வயதிலே, "விட்ட படிப்பைத் தொடரப் போகிறேன், கல்லூரியிலே சேரப் போகிறேன்" என்று சொல்லட்டும். உடனே இந்தப் பழமொழி எழுந்து நின்று கதவைச் சாத்தும். "பேரப்பிள்ளை எடுக்கிற வயதிலே பேனா எடுக்கிறாளாம்!" என்று பக்கத்து வீடு நகைக்கும். "பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டியவன், பிள்ளையோடு போட்டி போடுகிறானே!" என்று உறவு முணுமுணுக்கும்.

பழமொழி, பழமையானது என்பதனாலேயே உண்மையாகிவிடுவதில்லை. எதையும் ஏன், எதற்கு என்று கேட்டுப் பழகிய இளைஞர்கள் இதையும் கேட்க வேண்டும். ஐந்தில் வளையாதது ஏன் வளையவில்லை? வளைய மறுத்ததா? வளைக்க ஆளில்லையா? அல்லது, வளையக் கூடாது என்று எவரேனும் தடுத்தனரா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் ஐம்பதைப் பற்றித் தீர்ப்பளிப்பது, திருடியவனைத் தெருவிலே விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனைக் கூண்டிலே ஏற்றுவதாகும்.

நாம் ஆசிரியப் பணி புரியும் ஆரணியைப் பாருங்கள். கமண்டல நாகநதிக் கரையிலே, பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். இன்று நாற்பத்தைந்து, ஐம்பது வயதிலிருப்போர் இங்கே குழந்தைகளாக இருந்த 1980-களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள்ளே குழித்தறி. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய வேண்டுமானால் தறியில் ஒருவர் போதாது. நடுவிலே ஓடும் நாடாவை நெசவாளி வீசுவார். கரைக்குரிய நாடாவைத் தள்ள, அருகே இன்னொரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது? பல வேளைகளில் அந்த வீட்டுப் பிள்ளையின் கை. அஃதில்லையெனில், முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்து நின்ற வேறொரு வீட்டுப் பிள்ளையின் கை. பள்ளியிலே மணி அடித்த வேளையில் அந்தக் கை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது. பள்ளியிலே பாடம் நடந்த வேளையில் தார் சுற்றிக்கொண்டிருந்தது. மணமகள் உடுத்த சேலையின் கரை நேராக இருந்தது. அதை நெய்த குழந்தையின் வாழ்வு கோணலாயிற்று.

சட்டம் இல்லையா? இருந்தது. 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் அதன் மூன்றாம் பிரிவிலேயே ஒரு விலக்கும் உடன் வந்தது: குடும்பத்தாரின் துணையோடு நடத்தும் தொழிற்கூடத்துக்குத் தடை பொருந்தாது என்றது சட்டம். வீட்டுத் தறி அந்த விலக்குக்குள்ளே பத்திரமாக அமர்ந்துகொண்டது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2016-இல். அப்போதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு பக்கக் கதவு திறந்தே வைக்கப்பட்டது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி பெறுவது குழந்தையின் உரிமை என்னும் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1980-இல் ஆரணியிலே பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 30!

உரிமை வந்து சேர்ந்தபோது பருவம் போய்விட்டிருந்தது. பருவம் போயிற்று என்று காரணம் காட்டி உரிமையையும் மறுப்பது எந்த நீதி?

அந்தத் தலைமுறையைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலே நாம் காண்கிறோம். மதிப்பெண் பட்டியலை நீட்டுகிறோம். "கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் ஐயா, நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்கிறார் தந்தை. அடுத்த கூட்டத்திலும் கண்ணாடி மறந்துபோகிறது. அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. பட்டிழையின் நுண்மையை விரல் நுனியால் அறிபவர், சரிகையின் தரத்தைக் கண்ணால் அளப்பவர், மகனின் மதிப்பெண்ணுக்கு முன்னே தலைகுனிகிறார். அறிவு இல்லாமையால் வந்த தலைகுனிவா அது? இல்லை. அறிவு பெறும் வாயிலை யாரோ அடைத்தமையால் வந்த தலைகுனிவு.

இன்னொரு வகையினரும் உளர். பள்ளி முடித்து, கல்லூரியில் அடியெடுத்து வைத்து, இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருக்கையிலே "நல்ல இடம் வந்திருக்கிறது" என்று மணமேடைக்கு அழைத்துச் செல்லப்பட்ட பெண்கள். "திருமணத்துக்குப் பிறகு படிக்கலாம்" என்ற வாக்குறுதி அவர்களுக்குத் தரப்பட்டது. பிறகு குழந்தை, பிறகு குழந்தையின் பள்ளி, பிறகு மாமியாரின் நோய். வாக்குறுதி தந்தவர்கள் மறந்தார்கள், பெற்றவள் மறக்கவில்லை. பரணிலே, பழைய பாத்திரங்களுக்கிடையே, அவளுடைய கல்லூரிப் புத்தகங்கள் இன்றும் உள்ளன.

இவ்விரு வகையினரும் இன்று கல்லூரி வாயிலை நோக்கித் திரும்பிப் பார்க்கும்போது, "உன் காலம் முடிந்துவிட்டது" என்று சமுதாயம் சொல்லுகிறது. காலம் முடிந்துவிட்டது என்னும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

மனு நூல் மனிதரைப் பிறப்பால் பிரித்தது என்பது நம் தோழர்கள் அனைவரும் அறிந்தது. அதே நூல் வாழ்நாளையும் நான்காகப் பிரித்தது என்பதை நாம் அத்துணை கருதிப் பார்ப்பதில்லை. முதற்காலில் ஆசானிடம் கல்வி, இரண்டாங்காலில் இல்லறம், பிறகு காடு, பிறகு துறவு. கல்விக்குரிய பருவம் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த முதற்கால் கூட எல்லார்க்கும் இல்லை. பூணூல் அணியும் உரிமை பெற்ற மூன்று வருணத்து ஆண்களுக்கே உண்டு. பெண்ணுக்கோ, திருமணமே பூணூல் சடங்கு, கணவனுக்குத் தொண்டு செய்வதே குருகுல வாழ்வு என்று அந்நூல் விதித்தது. உழைக்கும் மக்களுக்கு அந்த முதற்கால் இல்லை; ஏவல் ஒன்றே உண்டு.

விந்தையைப் பாருங்கள்! முதற்கால் மறுக்கப்பட்ட மக்கள், அந்த நூலை ஒருநாளும் படித்தறியாத மக்கள், "கல்விக்குரிய பருவம் இளமைதான், இல்லறத்தான் ஏடெடுப்பது முறையன்று" என்பதை மட்டும் தம் சொந்த நம்பிக்கையாக ஏற்றுக்கொண்டார்கள். பிறப்பின் பெயரால் போட்ட பூட்டை உடைக்க நூறாண்டு போராடிய நாம், வயதின் பெயரால் போட்ட பூட்டைப் பூட்டென்றே அறியாமல் இருந்துவிட்டோம். நம் வள்ளுவரோ, கல்வி என்னும் அதிகாரத்தில், கற்பதற்கு எல்லையாகச் சாவைக் குறித்தார், திருமணத்தை அன்று.

இப்பூட்டு பழைய ஏட்டில் மட்டும் இல்லை. அண்மைக்கால விதிகளிலும் இருந்தது. இந்திய வழக்குரைஞர் கழகம் 2008-இல் வகுத்த விதிகள், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர 20 வயதும், மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயதும் எல்லை என்றன. உச்சநீதிமன்றம் 2017-இல் அதனை நிறுத்திவைத்தது. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு, பொதுப் பிரிவினர்க்கு 25 வயது என்று எல்லை இருந்தது. 2022 மார்ச்சில் அது நீக்கப்பட்டது. நீக்கியதன் விளைவு என்ன? 2025-இல், தமிழகத்தின் தென்பகுதியைச் சேர்ந்த 49 வயதுத் தாய் ஒருவர், தம் மகள் எழுதிய அதே ஆண்டில் அதே தேர்வை எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். மகளின் புத்தகங்களைக் கொண்டே பயின்றார் என்று ஏடுகள் எழுதின. ஒரு விதியின் ஒரு வரியை அடித்ததும் ஒரு வாழ்வு திறந்துகொண்டது. அந்த வரி இருந்த ஆண்டுகளில் எத்தனை வாழ்வுகள் மூடிக் கிடந்தனவோ!

"விதி மாறலாம், மூளை மாறுமா?" என்று கேட்போர் உண்டு. அறிவியலையே அழைத்துக் கேட்போம். இலண்டன் மாநகரில் வாடகைக் கார் ஓட்டும் உரிமம் பெற விரும்புவோர், ஏறத்தாழ 25,000 தெருக்களை நினைவிலே பதித்துத் தேர்வெழுத வேண்டும். மூன்று, நான்கு ஆண்டு உழைப்பு அது. அந்த நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியின் எலினோர் மக்வயரும் அவருடைய துணைவரும், பயிற்சிக்கு முன்பும் பின்பும் அவர்களுடைய மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பயின்று தேறியவர்களின் மூளையிலே, இடங்களை நினைவிற்கொள்ளும் பகுதி பருத்திருந்தது. பயிலாதவர்களிடத்தில் அந்த மாற்றம் இல்லை. பள்ளிச் சிறுவர் அல்லர் அவர்கள். பிழைப்புக்காக வண்டியோட்ட வந்த வளர்ந்த மனிதர்கள். வளர்ந்த பின்னும் மூளை வளைகிறது. இளையோர் விரைந்து கற்பர், மூத்தோர் மெல்லக் கற்பர் என்பது உண்மையே. மெல்லக் கற்பது வேறு, கற்க இயலாது என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதுதான் பழமொழி செய்த வேலை.

இனி, எதிர்ப்புகளிலே வலுவான ஒன்றுக்கு வருவோம். ஏளனம் செய்வோரை ஒதுக்கிவிடலாம். கவலையோடு கேட்போரை ஒதுக்க முடியாது. அவர்கள் கேட்கிறார்கள்: "பெற்றோரின் முதற்கடமை பிள்ளைக்கன்றோ? வீட்டிலே உள்ள பணம் குறைவு, நேரம் குறைவு. அதை யாருக்குச் செலவிடுவது? நாளைய தலைமுறைக்கா, நேற்றைய தலைமுறைக்கா?"

நேர்மையான கேள்வி; நேர்மையாகவே விடை சொல்வோம். பிள்ளையின் உணவுக்கும் பெற்றவரின் புத்தகத்துக்கும் இடையே போட்டி வந்தால், உணவே வெல்ல வேண்டும். அதிலே நமக்கு ஐயமில்லை. பசித்த குழந்தையை அழவிட்டுவிட்டுப் படிக்கும் படிப்பைப் பகுத்தறிவு என்று எவரும் பாராட்டமாட்டார். ஆனால் பெரும்பாலான வீடுகளில் போட்டி உணவுக்கும் புத்தகத்துக்கும் இடையே நடப்பதில்லை. மாலையிலே ஒரு மணி நேரம், அஞ்சலில் வரும் பாடநூல், ஆண்டுக்கொருமுறை கட்டும் தேர்வுக் கட்டணம் — இவற்றைப் பற்றியே வழக்கு. காதுகுத்து விழாவுக்குக் கடன் வாங்கலாம். சடங்குக்குச் சீர் சுமந்து ஊரே வியக்க ஊர்வலம் போகலாம். அதெல்லாம் குடும்பக் கடமை. தாய் தேர்வுக் கட்டணம் கட்டினால் மட்டும் ஊதாரித்தனம்! இந்தக் கணக்கு எந்தப் பள்ளியிலே கற்றது?

"தியாகம்" என்னும் சொல்லையும் சற்றே தட்டிப் பார்க்க வேண்டும். கையிலே இருப்பதை விரும்பித் தருவது தியாகம். கையிலிருந்து பறிக்கப்பட்டது இழப்பு. பத்து வயதிலே பள்ளியிலிருந்து தறிக்கு இழுக்கப்பட்டவன் தியாகம் செய்தவன் அல்லன், பறிகொடுத்தவன். அவனுடைய இழப்புக்குத் தியாகம் என்று பெயர் சூட்டி, மாலையிட்டு, மேடையிலே புகழ்வது, பறித்த கைகளை மறைப்பதற்குத்தான் உதவும். திரும்பத் தர வேண்டியவர்கள், புகழ்ந்துவிட்டுக் கடனைத் தீர்த்ததாகக் கணக்கு முடிக்கிறார்கள்.

பிள்ளைக்கு நேர்வது என்ன? "உனக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டேன்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்கிறது. தாய்க்கு மருத்துவராக ஆசை இருந்தது. ஆகவே மகள் மருத்துவராக வேண்டும். தந்தைக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆகவே மகன் அவர் விரும்பிய பட்டத்தையே பெற வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் முன்பணத்தின் பொருளை நன்கு அறிவார்கள். வாங்கியவன் ஒருவன், உழைத்துத் தீர்ப்பவன் வேறொருவன். பெற்றோரின் நிறைவேறாத ஆசையும் அத்தகைய முன்பணந்தான். பிள்ளை பிறக்கும் முன்பே அதன் தலையிலே எழுதப்பட்ட கணக்கு. தன் ஆசையைத் தானே நிறைவேற்றிக்கொள்ளப் புறப்படும் பெற்றோர், பிள்ளையை அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்கிறார்கள். அவர்கள் பிள்ளையிடமிருந்து எடுப்பது ஒரு மணி நேரம். திருப்பித் தருவது பிள்ளையின் சொந்த வாழ்வு.

வரலாறு இதற்குச் சான்று தருகிறது, எச்சரிக்கையும் தருகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் இலண்டன் படிப்பைப் பாதியிலே விட்டுத் திரும்ப நேர்ந்தது. 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மனைவி உண்டு, மகன் உண்டு, மதிப்புள்ள பதவி உண்டு. "இனிப் போதும்" என்று அவர் அமர்ந்திருந்தால் யார் குறை கூறியிருப்பார்? 1920-இல், 29 வயதில், அந்தப் பதவியை விட்டு மீண்டும் மாணவராக இலண்டன் சென்றார். 1923-இல் வழக்குரைஞராகத் திரும்பினார்; அவ்வாண்டே பொருளியலில் முனைவருமானார். அந்தத் திரும்பல் இல்லாவிடில் இந்நாட்டின் அரசியல் சட்டத்தின் வரலாறே வேறாகியிருக்கும்.

ஆனால் அவர் இலண்டன் நூலகத்திலே அமர்ந்திருந்த ஆண்டுகளில், பம்பாயிலே வறுமையோடு மல்லாடி வீட்டைச் சுமந்தவர் ரமாபாய் அம்மையார். 1935-இல் அவர் மறைந்தார். பின்னர், பாகிஸ்தான் குறித்துத் தாம் எழுதிய நூலை அம்மையாரின் நினைவுக்கே அண்ணல் காணிக்கையாக்கினார். படிக்கத் திரும்புவோரின் சுமை காற்றிலே கரைவதில்லை. வேறொரு தோளுக்கு மாறுகிறது. அந்தத் தோளை மறவாதவர் அவர்.

தந்தை படித்தால் தாய் சுமப்பாள். அதை உலகம் இயல்பு என்கிறது. தாய் படித்தால்? புதுக்கோட்டையிலே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், 1912-இல் சென்னையிலே மருத்துவப் பட்டம் பெற்றவர். மணமாகி, இரு மைந்தர்க்குத் தாயாகி, மருத்துவத் தொழிலிலே பெயரும் பெற்ற பின், 1925-இல், ஏறத்தாழ 39 வயதில், மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அங்கே அந்நோய் பற்றியும் பயின்றார். 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்து அங்கே விழுந்தது. கணவர் சுந்தர ரெட்டியார் தடையாக நிற்கவில்லை; துணையாக நின்றார். அத்தகைய துணை எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறது? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 87, பெண்கள் 73. இந்த இடைவெளியில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் இன்று தாய்மார்கள். அவர்களுக்குக் கற்க ஆசையில்லாமல் இல்லை. அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டிலே விடையில்லை.

ஆகவே கேள்வியைத் திருத்தி வைப்போம். பெற்றோர் படிக்கலாமா என்பதன்று கேள்வி. அவர்கள் படிக்கும்போது சுமையை யார் யார் எவ்வளவு பகிர்ந்துகொள்வது என்பதே கேள்வி. அதற்கு வீடும் விடை சொல்ல வேண்டும். நாடும் விடை சொல்ல வேண்டும்.

நாடு சொல்லும் விடையிலே ஒரு முரண்பாடு இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர்க்குத் தொழிற்கல்வியிலே கல்விக் கட்டணச் சலுகை அளிக்கத் தொடங்கியது. உயர்ந்த நோக்கம், தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு. பல்லாயிரம் வீடுகளிலே அது விளக்கேற்றியது. அதற்கு வேண்டிய சான்றிதழை வருவாய்த் துறை தருகிறது. குடும்பத்திலே பட்டம் பெற்றவர் எவரும் இல்லை என்பதே அளவுகோல்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மகன் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். தாய் 44 வயதிலே அஞ்சல் வழியாகப் பட்டப் படிப்பின் இறுதி ஆண்டுக்கு வந்துவிட்டாள். அவள் தேறிப் பட்டம் பெற்றுவிட்டால், அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவளே. மகன் அந்தத் தகுதியை இழக்கிறான். தாயின் வெற்றி, மகனின் கட்டணச் சீட்டாக வந்து சேருகிறது! தாய் தோற்க வேண்டும் என்று வீடே வேண்டிக்கொள்ளும் நிலையை, நல்ல நோக்கத்தோடு எழுதிய ஆணையே உண்டாக்கிவிடுகிறது.

அந்தத் தாய் என்ன செய்வது? எவரேனும் நம்மைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வோம்: வீட்டுநிலை இடந்தராவிடில், இறுதித் தேர்வை ஓராண்டு தள்ளிப்போடுவதிலே இழிவில்லை. கணக்குப் பார்ப்பது ஏழையின் உரிமை. ஆனால் படிப்பை விடாதே. தள்ளிப்போட்டதற்குக் காரணம் உன் வயதன்று, ஓர் ஆணையிலே உள்ள ஓட்டை என்பதையும் மறவாதே. ஓட்டையை அடைப்பதும் அரிதன்று. பிள்ளை பிறந்த பின்னர்ப் பட்டம் பெற்ற பெற்றோரை அக்கணக்கிலே சேர்க்கலாகாது என்று ஒரே வரி எழுதினால் போதும். கல்வி மறுக்கப்பட்ட தலைமுறை எது? அந்தத் தாயின் தலைமுறையுந்தானே? இழப்பீடு பெற வேண்டியவளையே இழப்பீட்டுக்குத் தடையாக்குவது முறையாகுமா?

இன்னொன்றும் உண்டு. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவ மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கிய திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது; அரசுப் பள்ளியிலே பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்குப் பொன் தந்த கை, தாளுக்கும் பேனாவுக்கும் தருகிறது, வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் தொலைநிலைக் கல்வியில் பயில்வோர்க்கு அது பொருந்தாது. அன்று திருமண உதவி பெற்றுப் படிப்பை நிறுத்திய பெண் இன்று நடுவயதுத் தாய். வீட்டையும் தறியையும் விட்டு நாள்தோறும் கல்லூரிக்குச் செல்ல இயலாத அவளுக்குத் தொலைநிலைக் கல்வி ஒன்றே வழி. மகளுக்கு நீண்ட கை, தாய்க்கும் நீள வேண்டாமா?

"இத்தனை பாடு எதற்கு? பெரியார் எந்தக் கல்லூரியிலே படித்தார்? காமராசர் எந்தப் பட்டம் பெற்றார்?" என்று கேட்கும் தோழர்களும் உளர். பட்டமின்றியே பேரறிவு பெற முடியும் என்பதற்கு அவர்கள் சான்று, மறுப்பில்லை. ஆனால் சிறுவயதிலேயே பள்ளியை விட்ட காமராசர், முதலமைச்சரானதும் "நான் படிக்காமலே இவ்விடம் வந்தேன், நீங்களும் அப்படியே வாருங்கள்" என்றா சொன்னார்? ஊர்தோறும் பள்ளி திறந்தார். பள்ளியிலே சோறும் போட்டார். தமக்குக் கிட்டாததன் அருமையை அறிந்த உள்ளம் அது. பெரியாரின் வழியிலே வந்தோர் கண்ட படிப்பகங்கள் யாருக்காக? முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்க ஏடு படிக்க, பத்துப் பேர் கேட்டார்களே, அவர்கள் யார்? பள்ளிப் பருவம் கடந்த தொழிலாளிகள். பிள்ளை குட்டி பெற்றவர்கள். கேட்டவர்கள் பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். படித்தவர்கள் பிறகு மேடை ஏறினார்கள். வளர்ந்தவர்க்கு எழுத்தும் எண்ணமும் ஊட்டியே இந்த இயக்கம் வளர்ந்தது. அந்த வரலாற்றின் பிள்ளைகள், ஐம்பது வயது மாணவரைக் கண்டு நகைக்கலாமா?

வழி இல்லாமலும் இல்லை. எட்டாம் வகுப்பையும், பத்தாம் வகுப்பையும், மேல்நிலை வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைநிலையிலே கற்பித்து வந்துள்ளது; தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தோன்றியது. பள்ளித் தேர்வுகளைத் தாண்டிக் குதித்து நேரே பட்டம் பெற்றால் அரசுப் பணிக்கு அது செல்லாது என்று 2009-இல் ஆணை வந்தது. ஆகவே படிப்படியாக ஏறுவதே நலம். நீண்ட படிக்கட்டுத்தான். தறியிலே ஒரு சேலைக்கு ஆயிரமாயிரம் இழைகளைக் கோத்துப் பழகியவர்களுக்கு நீளம் அச்சமூட்டாது. இழை அறுந்தால் பாவையே அறுத்தெறிவதில்லை அவர்கள். அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிட்டு, விட்ட இடத்திலிருந்து நெய்கிறார்கள்.

இளைஞர்களே! உங்களிலே பலர் உங்கள் வீட்டின் முதல் கல்லூரி மாணவர். நீங்கள் ஏறிவந்த தோள்கள் வீட்டிலே இருக்கின்றன. அந்தத் தோள்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. புத்தகம் தருவது சற்றுக் கடினம். தாயின் பழைய சான்றிதழ்களைப் பரணிலிருந்து இறக்குங்கள். எந்த வகுப்பிலே நின்றது என்று பாருங்கள். விண்ணப்பத்தை நீங்களே வாங்கி வாருங்கள். அவள் படிக்கும் மணி நேரத்தில் அடுப்படி உங்களுடையது. தம்பியின் பாடம் உங்களுடையது. விருந்தினர் வந்தால் வரவேற்பதும் உங்களுடையது. "அம்மா படிக்கிறார்கள்" என்று வெட்கமின்றிச் சொல்லுங்கள். உங்கள் தெருப் படிப்பகத்திலே, வாரத்தில் மூன்று மாலை, தனித்தேர்வர்க்கு வகுப்பு நடத்துங்கள். முதல் பட்டதாரி ஆணையில் அந்த ஒரு வரி சேரும்வரை, சட்டமன்ற உறுப்பினரின் வாயிலிலே மனுவோடு நில்லுங்கள்.

கல்லூரி வாயிலிலே வயதைக் கேட்கட்டும். விண்ணப்பத்திலே எழுதிக்கொள்வதற்காக மட்டும் கேட்கட்டும்.